வண்டி டியூ முடிந்த பிறகுதான் குழந்தையா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், தண்டையார்பேட்டை வட்டாரத்தில் 31 ஆண்டுகள் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் வசிக்கிறார்.

கேள்வி: அம்மா, எனக்கு 29 வயது, அவருக்கு 34. கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. கொருக்குப்பேட்டையில் ஒரு ரூமும் சின்ன சமையலறையும் உள்ள வீட்டில் 5,500 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ். 13,000 கைக்கு வரும், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அவர் சொந்தமாகக் குட்டி யானை ஓட்டுகிறார். டீசல் போக மாதம் 24,000 நிற்கும்.

வண்டி டியூ 8,600, இன்னும் 22 மாதம் இருக்கிறது. என் நகை 5 பவுன் சேட்டு கடையில் 1,50,000க்கு இருக்கிறது, ரெண்டு வட்டி. இன்ஜின் வேலை வந்தபோது அவர் 20,000 தண்டல் எடுத்தார், தினம் 200. முடியப்போகும்போது மறுபடி எடுத்து, இப்போது மூன்றாவது தடவை ஓடுகிறது. இன்னும் 60 நாள் கட்டணும். இது போக அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தம்பி பைக் வாங்க மகளிர் குழு லோனில் 50,000 எடுத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் கட்டினான், அப்புறம் நிறுத்திவிட்டான். மாதம் 2,650 நான்தான் கட்டுகிறேன், இன்னும் 14 தவணை. கடையில் சீட்டு பிடிக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் ‘ஒன்னும் விசேஷம் இல்லையா’ என்றுதான் கேட்கிறார்கள். எனக்கும் ஆசை. கடையில் என்னைக் குழந்தைத் துணி செக்‌ஷனில்தான் போட்டிருக்கிறார்கள். அவர் ‘வண்டி டியூ முடியட்டும்’ என்கிறார். அவர் அப்பா வாங்கிய கடனுக்கு வாசலில் வந்து கத்துவார்களாம், இவர் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாராம். ‘என் பிள்ளைக்கு அது வேண்டாம்’ என்கிறார். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறேன், கடைசியாகப் போன மாதம் போட்டேன். அடுத்த ஊசியை அவருக்குச் சொல்லாமல் விட்டுவிடலாமா? வந்துவிட்டால் ஏற்றுக்கொள்வார்தானே?
— பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

பதில்: மகளே, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். ஊசியை அவருக்குச் சொல்லாமல் விடாதே.

வந்துவிட்டால் அவர் ஏற்றுக்கொள்ளவும் கூடும். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளை முகத்தைப் பார்த்ததும் வார்டுக்கு வெளியே நின்று அழுத ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் உன் வீட்டில் ஏற்கெனவே ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. குழுப் பணத்தைச் சீட்டு என்று சொல்லி வைத்திருக்கிறாய். பிரசவத்துக்கு நீ கடைக்குப் போகாத மாதம் அந்த 2,650 எங்கிருந்து வரும்? ஒரு தவணை தவறினால் குழுவில் இருக்கிற மற்ற பெண்கள் உன் வீட்டுக்குத்தான் வருவார்கள். நீ பச்சை உடம்போடு படுத்திருக்கும்போது வருவார்கள். சின்ன வயதில் எந்தச் சத்தத்துக்கு உன் வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில் போனாரோ, அதே சத்தத்தைத் தன் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். அதுவும் தனக்குத் தெரியாத ஒரு கடனுக்காக. அந்த நாளை அவருக்குக் கொடுக்காதே.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். எனக்கு 1986இல் கல்யாணம். நாத்தனார் கல்யாணக் கடனுக்காக என் நாலு பவுன் செயின் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு அடகுக்கடையில் இருந்தது. அதை மீட்ட பிறகுதான் பிள்ளை என்று நானே தீர்மானம் பண்ணினேன். இரண்டு வருடம் ஒரு புடவை வாங்காமல் சேர்த்து மீட்டோம். மீட்ட இரண்டாவது மாதம் மாமனாருக்கு நெஞ்சுவலி. செயின் அதே கடைக்கு, அதே டப்பாவுக்குள் போனது. அன்று ராத்திரி நான் அழுதது மாமனாருக்காகவா, செயினுக்காகவா, பிள்ளைக்காகவா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடம், செயின் அடகில் இருக்கும்போதே என் மகள் பிறந்தாள். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போதுதான் அது என் கழுத்துக்கு வந்தது. இடையில் அது இல்லாததால் அவளுக்கு எந்தக் குறையும் வரவில்லை.

அதற்காக எந்தக் கடனோடும் பெற்றுக்கொள்ளலாம் என்று நான் சொல்ல மாட்டேன். காசிமேட்டில் ஒரு வீட்டுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்குப் போவேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தண்டல்காரர் வருவார். அந்தப் பெண்ணின் புருஷன் கடலுக்குப் போயிருந்தால் அவள்தான் பணம் கொடுக்க வேண்டும். இருபதாம் நாள் தையல் வலியோடு இறால் உரிக்கப் போய்விட்டாள். காலையில் நாலு மணிக்குப் போய் மத்தியானம் வருவாள், அதுவரை பிள்ளைக்குப் பாட்டி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். நான் போன அடுத்த தடவை பிள்ளை எடை ஏறவே இல்லை, இவளுக்குப் பால் வற்ற ஆரம்பித்திருந்தது. அந்தக் குடும்பத்தின் மொத்தக் கடன் என் கடனில் பாதிகூட இருக்காது.

அதிலிருந்து நான் கடன் எத்தனை லட்சம் என்று முதலில் கேட்பதில்லை. அது எப்படி வசூலாகிறது என்றுதான் கேட்பேன். ஒரு வாரம் நீ எழுந்திருக்க முடியாவிட்டால் எந்தக் கடன் காத்திருக்கும், எது காத்திருக்காது?

உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் வருமானம் 37,000. வாடகை, டியூ, நகை வட்டி, தண்டல், குழு எல்லாம் சேர்த்து 25,750. மீதி 11,250இல் சாப்பிடுகிறீர்கள், கரண்ட் பில் கட்டுகிறீர்கள். மொத்தக் கடன் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதில் பெரியது வண்டி, அதைக் கண்டு நான் பயப்படவில்லை. அதற்குத் தேதி இருக்கிறது, முடிகிற மாதம் இருக்கிறது, அந்த வண்டியே சோறு போடுகிறது. எல்லாவற்றிலும் சின்னது தண்டல், மீதி 12,000தான். என்னைப் பயமுறுத்துவது அதுதான். 20,000 தண்டல் என்றால் பெரும்பாலும் கையில் 17,000தான் வந்திருக்கும். நூறு நாளில் 20,000 கட்டுகிறீர்கள். நாளுக்கு நாள் அசல் குறைவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி. சேட்டு கடை ரெண்டு வட்டிக்கே நாம் பெருமூச்சு விடுகிறோம்.

அதனால் இந்த 60 நாளைக் கட்டி முடித்துவிட்டு நாலாவது தடவை எடுக்காமல் இருங்கள். தண்டலைக் கொண்டுவந்தது இன்ஜின். மறுபடி இன்ஜின் படுத்தால் மறுபடி தண்டல்தான் என்ற நிலை மாற, வண்டிக்கென்று ஒரு 20,000 தனியாக இருக்க வேண்டும். தபால் ஆபீஸில் அதற்காகவே ஒரு சேமிப்புக் கணக்கு திற. ஜி-பேயில் இருக்கிற பணம் தங்காது, என் மருமகனிடமே பார்க்கிறேன்.

நகைக்கு வா. ஐந்து பவுனையும் அப்படியே மீட்க வேண்டும் என்று நினைத்தால் மாதம் 3,000 வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், அசல் அசையாது. நீ வைத்த அன்றைய தங்க விலை வேறு, இன்றைய விலை வேறு. இரண்டு பவுனை விற்றால் மீதி மூன்று பவுனும் வட்டி இல்லாமல் வீட்டுக்கு வரும், அல்லது அதற்கு மிக அருகில் வந்துவிடும். ஒரு நாள் லீவு போட்டு இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு முடிவு பண்ணு. அம்மா வீட்டு நகை, விற்க மனசு வராது என்றால் வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்று, வட்டி பாதியாகக் குறையும். ஆனால் எனக்குக் கேட்டால் விற்கச் சொல்வேன்.

தண்டலும் நகை வட்டியும் போனால் மாதம் 9,000 மிச்சம். அது பிரசவத்துக்கா என்று கேட்பாய். பிரசவத்துக்கு அவ்வளவு வேண்டாம். பிரைவேட்டில் போய் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்று யாரோ உன் தலையில் ஏற்றியிருந்தால் இறக்கி வை. உன் வீட்டிலிருந்து ஆர்.எஸ்.ஆர்.எம். எவ்வளவு தூரம்? ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பிரசவ ஆஸ்பத்திரி அது. சுகப் பிரசவமானாலும் சிசேரியனானாலும் அரசு ஆஸ்பத்திரியில் பணம் இல்லை, மருந்தும் இலவசம். கூட்டம் இருக்கும், கட்டில் ஒட்டியிருக்கும், ஒருத்தர் கூட இருந்தே ஆகணும். இரத்தம் தேவைப்பட்டால், நடுராத்திரி தியேட்டர் தேவைப்பட்டால் அங்கே இருக்கிறது. நான் என் மகளை அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அனுப்பினேன்.

நாள் தள்ளிப் போனதும், 12 வாரத்துக்குள், உன் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு பண்ணு. அங்கே கொடுக்கிற பிக்மி எண்ணை ஆதார் மாதிரி பத்திரமாக வை, பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. மொத்தம் 18,000. அதில் 14,000 ரொக்கம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். ரொக்கம் தவணை தவணையாகத்தான் வரும். அது வரும் என்று நம்பி யாரிடமும் கைமாற்று வாங்காதே.

உண்மையான பள்ளம் உன் சம்பளம். மாதம் 13,000 நின்றால்தான் வீடு ஆடும். அதற்கு உன்னிடமே வழி இருக்கிறது, உன் கடிதத்தில் ஒரு வார்த்தையாக எழுதிவிட்டுப் போயிருக்கிறாய்: இ.எஸ்.ஐ. மாதம் நூறு ரூபாய்க்குக் கிட்ட உன் பங்காகப் பிடிக்கிறார்களே, அதற்கு 26 வாரம் முழுச் சம்பளம் பிரசவ உதவியாக உண்டு. உன் கணக்கில் கிட்டத்தட்ட 78,000. பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிடிப்பது வேறு, கட்டுவது வேறு. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில், அதாவது ஒரு வருடத்தில், 70 நாளாவது உன் பெயரில் பணம் கட்டியிருக்க வேண்டும். உன் இ.எஸ்.ஐ. நம்பரை வாங்கி, கட்டியிருக்கிறார்களா என்று இந்த வாரமே பார். பணம் கைக்கு வரச் சில வாரம் தாமதமாகும் என்றும் வைத்துக்கொள். அந்த இடைவெளிக்குத்தான் சேமிப்பு.

கடை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆறாம் மாதம் காலில் நீர் கோத்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நின்ற ஜவுளிக்கடைப் பெண்களைப் பார்த்தவள் நான். ஸ்டூல் கேட்க வெட்கப்படாதே.

ஆறு மாதம் கழிந்த பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று நீ எழுதவே இல்லை. அங்கன்வாடியில் இரண்டு வயதுக்குப் பிறகுதான் சேர்ப்பார்கள். உன் அம்மாவா, மாமியாரா, இல்லை நீ ஒரு வருடம் வேலையை விடுவாயா? வேலையை விட்டால் வண்டி டியூ ஓடும் மாதங்களில் அவர் ஒருவர் 24,000இல் தாங்க வேண்டும். வாடகை 5,500, டியூ 8,600 போக 9,900 மிஞ்சும். கஷ்டம், ஆனால் தண்டலும் நகை வட்டியும் குழுவும் இல்லை என்றால் ஓட்டலாம். அவை இருந்தால் முடியாது. இதை இரண்டு பேரும் உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பாருங்கள்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். அந்த மூன்று மாத ஊசியை நிறுத்தினால் அடுத்த மாதமே தங்கிவிடாது. கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம். சிலருக்குச் சீக்கிரமும் தங்கும். ஆகவே அவர் சம்மதித்தால் அடுத்த ஊசியை விட்டுவிட்டு, தண்டல் முடிகிறவரை நிரோத் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் தங்கினால்கூடப் பிரசவத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கும், வண்டி டியூவில் பத்து மாதம்தான் மீதி. பிள்ளை தவழும்போது வண்டி உங்களுடையது. தாமதமானால் இன்னும் நல்லது. நடுவில் இரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடு. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பம் தரிக்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும், சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொள். 29 வயது அவசரப்படுகிற வயதில்லை. 35க்குப் பிறகுதான் வாய்ப்பு வேகமாகக் குறையும். விசேஷம் கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

குழுக் கடனை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பாய். வண்டி நிற்கிற நாள், சாப்பிட்ட பிறகு, பாஸ்புக்கை எடுத்து அவர் முன்னால் வை. தம்பியைக் காப்பாற்றப் பேசாதே. ‘சீட்டு இல்லை, இது கடன், நான் பயந்து சொல்லவில்லை’ என்று மட்டும் சொல். கோபப்படுவார். இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பார். சீட்டு எப்போது எடுப்பாய் என்று அவரே கேட்கிற நாளில் தெரிவதைவிட இது மேல். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு, பைக்கை விற்றாவது கட்டச் சொல்லுங்கள். இந்த மாதிரிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வசூலுக்குத் தொல்லை பண்ணக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டிருக்கிறது. அவர் சின்ன வயதில் அனுபவித்ததற்கு அன்றைக்கு யாரும் விதி சொல்லவில்லை. அதை அவரிடம் எடுத்துச் சொல், அவருக்கு அது தேவைப்படும்.

எல்லாம் கேட்டுவிட்டு, டியூ முடிந்த பிறகுதான் என்று அவர் உறுதியாக நின்றால், அடுத்த ஊசியைப் போட்டுக்கொள். அப்போது உனக்கு 31 ஆகும். தண்டல் முடிந்து, வாசலில் யாரும் வராத ஒரு மூன்று மாதம் அவர் தூங்கி எழுந்த பிறகு மறுபடி கேள். அவர் பதில் மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: மருமகளுக்கு மே மாதம் ஏழாம் மாதம் பிறக்கிறது. மகன் லாஞ்சில் போகிறவன், தடைக்காலத்தில் வருமானம் இல்லை. மண்டபம் எடுத்து வளைகாப்பு செய்ய 40,000 வட்டிக்குக் கேட்டிருக்கிறேன். செய்யாவிட்டால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்?
— ஒரு மாமியார், காசிமேடு

பதில்: வாங்காதீர்கள் அம்மா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் போட் கரையில் நிற்கும் என்று சம்பந்தி வீட்டுக்கும் தெரியும். வளைகாப்பு ஏழில்தான் என்று இல்லை, ஒன்பதாம் மாதத்திலும் செய்கிறோம். உங்களுக்கு அது ஜூலையில் வருகிறது, மகன் கடலுக்குப் போய்த் திரும்பியிருப்பான். அந்தப் பெண் மண்டப மேடையில் மூன்று மணி நேரம் பட்டுப்புடவையில் உட்காருவதைவிட உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காருவது அவள் முதுகுக்கும் நல்லது. தேங்காய் சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஒரு சர்க்கரைப் பொங்கல் போதும். கண்ணாடி வளையலை மின்ட் பக்கம் மொத்தக் கடையில் வாங்குங்கள். 40,000 கடனுக்கு எழுதியிருந்த நோட்டில் இப்போது வேறு எழுதுங்கள்: அவளுக்குத் தினம் ஒரு முட்டை, ஒரு கீரை, மாதாமாதம் செக்கப்புக்கு ஆட்டோ. கல்மண்டபத்திலிருந்து நான் நடந்தே வந்துவிடுவேன். தேதி குறித்ததும் ஒரு வரி எழுதுங்கள், ஒரு டஜன் வளையல் என் பங்கு.